பாலக்காட்டுக் கணவாயில் கையா, ஆட்டோபைலட்டா?

கணினி விமான சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டுபவர்களுக்கு நம் எல்லைப் பக்கம் கிடைக்கும் அருமையான பாதை, கொச்சியில் கிளம்பி கோவையில் இறங்குவது. நேர்கோட்டில் சுமார் 65 கடல் மைல், முக்கால் மணி நேரப் பறப்பு. கையால் ஓட்டுவதா, ஆட்டோபைலட்டிடம் விடுவதா என்பதை இந்த ஒரு பாதையை வைத்தே அலசிவிடலாம். சிறிய விமானம் என்றால் என் ஓட்டு கைக்குத்தான்.

ஆட்டோபைலட்டின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. உயரம் பிசகாது, மேகத்துக்குள் திசை தடுமாறாது, ரேடியோ மாற்றவும் வரைபடம் பார்க்கவும் கை ஓய்வாக இருக்கும். மூன்று மணி நேர ஜெட் பயணத்தில் அதை ஒதுக்குவது வீண் பிடிவாதம்.

ஆனால் கொச்சியிலிருந்து கோவைக்கு ஜிபிஎஸ்ஸில் நேராகக் கோடு போட்டு, 3,500 அடி வைத்து, அந்தக் கோட்டைப் பின்தொடரச் சொல்லும் நாவ் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தக் கோடு நெல்லியாம்பதி மலைக்கு மேல் போகிறது. அங்கே 5,000 அடியைத் தாண்டும் முகடுகள் இருக்கின்றன. கோட்டையும் உயரத்தையும் துல்லியமாகப் பிடித்துக்கொண்டே ஆட்டோபைலட் மலையில் கொண்டுபோய் மோதும். கையால் ஓட்டுபவர் வடக்கே திருச்சூர் வரை போய், 544 நெடுஞ்சாலையைப் பிடித்துக் குதிரான் தாண்டி, பாலக்காட்டில் இடப்பக்கம் மலம்புழா நீர்த்தேக்கத்தைப் பார்த்து, வாளையார் வழியாகக் கணவாயை விட்டு வெளியே வருவார். திருச்சூரையும் பாலக்காட்டையும் வழிப்புள்ளிகளாகச் சேர்த்தால் ஆட்டோபைலட்டும் இதே வழியில் வரும், உண்மைதான். ஆனால் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கே ஒருமுறையாவது வெளியே பார்த்து ஓட்டியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ட்ரிம், அதாவது கையால் அழுத்திப் பிடிக்காமலே மூக்கை அதே நிலையில் நிறுத்தி வைக்கும் அமைப்பு. கையால் ஓட்டுவது களைப்பு என்று கைவிடுபவர்களில் பெரும்பாலோர் ட்ரிம் பழகாதவர்கள். ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது; விட்டால் நடுவுக்கு ஓடிவிடும். ட்ரிம் செய்யாமல் ஓட்டினால் முழு நேரமும் அந்த ஸ்பிரிங்கோடுதான் மல்லுக்கட்டு. மூக்கு ஏறி இறங்கும், உயரம் 200 அடி அலையும், பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

வரிசை இதுதான்: மூக்கின் நிலை, எஞ்சின் சக்தி, கடைசியாக ட்ரிம். 3,500 அடியில் மூக்கைச் சமமாகப் பிடித்து, எஞ்சின் சுழற்சியை 2,300 ஆர்பிஎம்மில் வைத்து, வேகம் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேகம் மாறிக்கொண்டிருக்கும்போது செய்யும் ட்ரிம் அரை நிமிடத்தில் பொய்யாகிவிடும். நிலைத்த பிறகு ஜாய்ஸ்டிக்கை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, ட்ரிம் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, அதற்கு ஈடாகக் கையை மெல்ல நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மூக்கை ஏற்றி இறக்க ட்ரிம்மைப் பயன்படுத்தக் கூடாது. கையை எடுத்துப் பத்து வினாடி விடுங்கள். உயரம் 100 அடிக்கு மேல் மாறாமல் நின்றால் சரி.

நடுவில் விட்ட பிறகும் விமானம் துள்ளினால் ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்பட வேண்டும். உள்ளே கை அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்த ஜாய்ஸ்டிக்குகள் நடுப்புள்ளியில் நடுங்கும். அமைப்புகளில் 3 முதல் 5 சதவீதம் டெட்ஸோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆட்டோபைலட் ஓட்டும்போதும் ட்ரிம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது, நம் கண்ணில் படாமல். 172-இல் ஆட்டோபைலட்டுக்கு, எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மேல் அதிகாரம் இல்லை. நிமிடத்துக்கு 700 அடி ஏறச் சொல்லி விஎஸ் முறையில் (ஏறும் வேகத்தை மாறாமல் பிடிப்பது) விட்டால், 8,000 அடியை நெருங்கும்போது எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். ஆட்டோபைலட் விடாமல் மூக்கை மேலே ட்ரிம் செய்யும், வேகம் கரையும், வேகம் போதாமல் இறக்கைகள் தூக்குவிசையை இழக்கப்போவதை எச்சரிக்கும் ஸ்டால் ஹாரன் அலறும். பதறிப்போய் அதைத் துண்டித்தால், மூக்கு மேலே ட்ரிம் ஆன விமானம் அப்படியே கைக்கு வரும். ஏறுவதற்கு, வேகத்தை மாறாமல் பிடிக்கும் எஃப்எல்சி முறையில் 80 நாட் வைத்தால் இந்த வம்பு இல்லை. இன்னொன்று, ஜி1000 என்ற திரைக் கருவித் தொகுப்பில் ஆட்டோபைலட்டை இயக்கும் ஏபி பொத்தானை மட்டும் அழுத்தினால் உயரம் பூட்டாது. திரையின் மேல்வரியில் பிட், ரோல் என்றுதான் வரும்; மூக்கின் நிலையையும் இறக்கையின் சாய்வையும் மட்டும் பிடிக்கும் முறைகள் அவை. பச்சையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

அடுத்தது காற்று. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்று இந்தக் கணவாய்க்குள் மேற்கிலிருந்து நெருக்கிப் புகும். நேரடி வானிலையை இயக்கினால் முதுகுக் காற்றில் கோவை சீக்கிரமே வந்துவிடும். இறங்க வேண்டியதோ தென்மேற்கு நோக்கிய 23-ஆம் ரன்வேயில். நகரைக் கிழக்கே தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பான ஐஎல்எஸ்ஸில் ஆட்டோபைலட் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியபடி அழகாகக் கொண்டுவரும். தரையிலிருந்து 200 அடியில் துண்டித்தால் அந்தத் திருப்பம், குறைந்த வேகம், அறியாத ட்ரிம் மூன்றும் ஒரே நொடியில் கையில் விழும். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி. அதனால் உயரமானியில் 2,300 காட்டும்போதே, அதாவது தரையிலிருந்து 1,000 அடியிலேயே, கைக்கு எடுங்கள். தரை வேகம் 70 நாட் என்றால் ஐந்தால் பெருக்கி, நிமிடத்துக்கு 350 அடி இறக்கம்.

ஏர்பஸ் ஏ320-க்கு இந்த ட்ரிம் பாடம் அப்படியே பொருந்தாது; கையால் ஓட்டினாலும் அது தானே ட்ரிம் செய்துகொள்ளும். போயிங் 737-இல் ட்ரிம் சுவிட்ச் கட்டைவிரலுக்கடியில் இருக்கிறது, செஸ்னாவில் பழகிய கை அங்கே அப்படியே உதவும்.