நெட்ஸ்கேப் கம்போசரா, ஃப்ரண்ட்பேஜா, வெறும் நோட்பேடா?

தொண்ணூறுகளின் பிற்பாதியில் விண்டோஸ் கணினியில் ஒரு வலைப்பக்கம் செய்ய நினைத்தவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன. பிரவுசருக்குள்ளேயே வந்த நெட்ஸ்கேப் எடிட்டர், மைக்ரோசாஃப்ட் விற்ற ஃப்ரண்ட்பேஜ், பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் குறிகளான டேக்குகளைக் கையாலேயே தட்டும் நோட்பேட் வகையறா. மேக் பக்கம் அடோபியின் பேஜ்மில், கிளாரிஸ் ஹோம் பேஜ் என்று தனிக்கதை ஓடியது. அதை இங்கே எடுக்கவில்லை. மூன்றில் எது என்று கேட்டால், என் ஓட்டு நெட்ஸ்கேப்புக்குத்தான். காரணம் வசதிகளின் எண்ணிக்கை அல்ல. அதற்கு 1990 வரை போய்வர வேண்டும்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசரிலேயே எடிட்டரும் இருந்தது. படிக்கிற ஜன்னலிலேயே கர்சரை வைத்து எழுதலாம், இரண்டு பக்கங்களுக்கு நடுவே லிங்க் போடலாம். ஆனால் நெக்ஸ்ட் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஊரெல்லாம் பரவியது, இலினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் 1993இல் தொடங்கிவைத்த மொசைக். எழுத்துக்கு நடுவே படத்தைக் காட்டியது, அந்த ஆண்டே விண்டோஸுக்கும் மேக்குக்கும் வந்தது. எழுதும் வசதி மட்டும் அதில் இல்லை. வலை என்றால் பார்க்கிற பொருள் என்ற எண்ணம் அங்கேதான் வேர்பிடித்தது என்பது என் கணிப்பு.

விட்டுப்போன அந்தப் பாதியைச் சாதாரணக் கணினிக்குத் திரும்பக் கொண்டுவந்தது, 1996இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் கோல்ட். அடுத்த ஆண்டு கம்யூனிகேட்டர் 4 தொகுப்பில் அதே எடிட்டர் கம்போசர் என்ற பெயரோடு வந்தது. 1998 ஜனவரியில் எல்லாமே இலவசம்.

கம்போசரில் வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் அதன் அருமை புரியும். யாரோ ஒருவருடைய பக்கம் பிரவுசரில் திறந்திருக்கிறது. மெனுவில் எடிட் பேஜ் என்று கொடுத்தால், அதே பக்கம் கர்சர் மின்னும் ஜன்னலில் திறந்துகொள்ளும். தலைப்பை அழித்து உங்கள் தலைப்பை எழுதலாம், அட்டவணையில் ஒரு வரிசை கூட்டலாம், அவர் எப்படிக் கட்டினார் என்பதைக் கைவைத்தே தெரிந்துகொள்ளலாம். சேமிக்கும்போது படங்களையும் கூடவே உங்கள் வட்டுக்கு இறக்கிவைக்கும், லிங்குகள் அறுந்துபோகாமல் சரிசெய்யும். பிறகு பப்ளிஷ் பொத்தான். எஃப்டிபி (ஃபைல்களைச் சர்வருக்கு ஏற்றும் வழி) முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் பக்கமும் படங்களும் ஒன்றாக ஏறிவிடும். தனியாக ஒரு எஃப்டிபி மென்பொருளைத் தேடி இறக்கி, அதைப் பழகி என்ற பாடெல்லாம் இல்லை.

குறைகளும் வெளிப்படையானவை. ஒரே ஜன்னலைப் பல பக்கங்களுக்குப் பிரிக்கும் ஃப்ரேம்கள் செய்ய வராது. படிவங்களுக்குக் கருவி கிடையாது. கம்போசருக்குப் புரியாத டேக் வந்தால் ஒரு மஞ்சள் சின்னத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். மூலக் கோடை, அதாவது டேக்குகளால் ஆன நிரலைத் திருத்த வேண்டுமென்றால் வேறொரு எடிட்டரை அமைப்பில் இணைக்க வேண்டும். பத்துப் பக்கங்களுக்கு மேல் போனால் எந்தப் பக்கம் எதோடு இணைந்திருக்கிறது என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் குறையில்தான் ஃப்ரண்ட்பேஜ் தன் பலத்தைக் காட்டியது. அதைச் செய்தது மைக்ரோசாஃப்ட் அல்ல. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் இருந்த வெர்மீர் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனம் 1995இல் வெளியிட்டது. 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. அதன் சுவடு கடைசிவரை அழியவில்லை. ஃப்ரண்ட்பேஜில் செய்த தளத்தின் ஃபோல்டர்களைத் திறந்தவர்கள் வி, டி, ஐ என்ற மூன்று எழுத்தைப் பெயரில் கொண்ட விசித்திரமான உள்ஃபோல்டர்களைப் பார்த்திருப்பார்கள். வெர்மீர் டெக்னாலஜீஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துகள் அவை.

ஃப்ரண்ட்பேஜ் ஒரு பக்கத்தைப் பார்ப்பதில்லை, மொத்தத் தளத்தையும் ஒரே பொருளாகப் பார்த்தது. ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால், அதற்கு லிங்க் கொடுத்த பக்கங்களையும் திருத்தட்டுமா என்று கேட்கும். சரி என்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஒரு பக்கத்தை நடுவில் வைத்து, உள்ளே வரும் லிங்குகளையும் வெளியே போகும் லிங்குகளையும் கோடு போட்டுக் காட்டும். அறுந்த லிங்கைக் கண்டுபிடித்துச் சொல்லும். ஐம்பது பக்கத் தளத்தைத் தனியாளாகப் பராமரிப்பவருக்கு இது பெரிய கொடை. அந்த வகையில் கம்போசர் பக்கத்தில்கூட நிற்க முடியாது, இதை மறுப்பதற்கில்லை.

சிக்கல், தளம் சர்வருக்குப் போகும்போது தொடங்கும். தேடல் பெட்டி, படிவத்திலிருந்து மின்னஞ்சல், வருகைக் கணக்கு என்று ஃப்ரண்ட்பேஜ் சுலபமாகச் செருகிக்கொடுத்த பல உருப்படிகள், சர்வரில் ஃப்ரண்ட்பேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இணைப்பு இருந்தால்தான் ஓடும். தளத்தை வைக்க இடம் தரும் எல்லா ஹோஸ்டிங்கிலும் அது கிடைக்காது. இருக்கும் இடத்திலும் அவசரத்துக்கு எஃப்டிபி வழியாக ஒரு ஃபைலை ஏற்றினால், உள்ஃபோல்டர்களில் அது வைத்திருக்கும் கணக்கு குழம்பிவிடும். ஃப்ரண்ட்பேஜில் செய்ததை ஃப்ரண்ட்பேஜ் வழியாகவே ஏற்ற வேண்டும், ஃப்ரண்ட்பேஜைத் தெரிந்த சர்வரிலேயே வைத்திருக்க வேண்டும். வீடு கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்கிற வேலை இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 97 பதிப்பில், கையால் எழுதிய பக்கத்தைத் திறந்து சேமித்தாலே அதன் கோடை ஃப்ரண்ட்பேஜ் தன் பாணிக்கு மாற்றி அடுக்கிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட வரிசையும் இடைவெளியும் போய்விடும். எழுதினதை எழுதினபடி விட்டுவைப்போம் என்ற வாக்குறுதியோடு 2000 பதிப்பு வந்தபோது பலர் வேறு கருவிக்குப் போயிருந்தார்கள். 98 பதிப்பின் ஹோவர் பட்டன்கள் இன்னொரு உதாரணம். சுட்டி மேலே வந்தால் நிறம் மாறும் ஒரு பொத்தானுக்காக ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரல் ஒன்றை ஏற்ற வேண்டும். 28.8 கே மோடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 3.6 கிலோபைட் வரும் காலம் அது. வாசகரின் பொறுமையையும் தொலைபேசிக் கட்டணத்தையும் யோசிக்காத வடிவமைப்பு என்றுதான் இதைச் சொல்வேன்.

மூன்றாவது வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நோட்பேட் விண்டோஸோடு வந்தது, எந்தச் சர்வரோடும் பகை இல்லை, எழுதியது எழுதியபடி இருக்கும். 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஃபைலை அன்றைய நோட்பேட் திறக்காது, அவ்வளவுதான். கொஞ்சம் வசதி வேண்டியவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் சாசேஜ் சாஃப்ட்வேர் செய்த ஹாட்டாக் இருந்தது. நிக் பிராட்பரி எழுதிய ஹோம்சைட் அதைவிட நேர்த்தி. டேக்குகளை வண்ணம் பிரித்துக் காட்டும். 1997 கடைசியில் வந்த டிரீம்வீவர், விண்டோஸ் பதிப்போடு ஹோம்சைட்டையும் சேர்த்தே கொடுத்தது. கண்ணால் பார்த்துச் செய்பவரும் கோடு எழுதுபவரும் ஒரே ஃபைலில் சண்டையில்லாமல் வேலை செய்யலாம் என்பதுதான் டிரீம்வீவரின் கொள்கை. தொழிலாகச் செய்தவர்கள் அங்கே போனதில் வியப்பில்லை.

தமிழில் எழுதியவர்களுக்கு இந்தப் போட்டியின் சூடு நேராகவே பட்டது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் பரவாத அந்த நாளில் மயிலை, இணைமதி, முரசு அஞ்சல் என்று ஆளுக்கொரு எழுத்துரு. கம்போசரிலும் ஃப்ரண்ட்பேஜிலும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தட்டலாம், உங்கள் திரையில் அழகாகத் தெரியும். வாசகரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அவருக்கு வருவது ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. இதற்குத் தீர்வாக, பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கும் நுட்பத்தை நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் தங்கள் பிரவுசரின் 4ஆம் பதிப்பில் கொண்டுவந்தன. ஆனால் நெட்ஸ்கேப் எடுத்துக்கொண்டது பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பிஎஃப்ஆர் என்ற எழுத்துரு வடிவம், மைக்ரோசாஃப்ட் கொடுத்தது இஓடி என்ற வடிவம். ஒன்று மற்றதில் வேலை செய்யாது. ஆகவே ஒரே எழுத்துருவை இரண்டு வடிவிலும் செய்து, பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டுக்குமான வரிகளையும் போட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கைகொடுத்தது கோடு படிக்கத் தெரிந்த பழக்கம்தான். எடிட்டரில் தொடங்கியவர்களும் ஒரு கட்டத்தில் நோட்பேடுக்கு வந்தாக வேண்டியிருந்தது இதனால்தான்.

ஆகவே என் தேர்வு இப்படி. ஐந்தாறு பக்கம், சொந்த எழுத்து, கோடு தெரியாது என்றால் கம்போசர். அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ பெரிய தளம், எக்ஸ்டென்ஷன்ஸ் உள்ள சர்வரும் உறுதி என்றால் ஃப்ரண்ட்பேஜ். தமிழ்த் தளம் என்றால் கம்போசரில் தொடங்கி, நோட்பேடில் முடிக்கலாம்.

ஃப்ரண்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003இல் வந்தது. எக்ஸ்டென்ஷன்ஸை நம்பிய தேடல் பெட்டிகளும் படிவங்களும் சர்வர்கள் அதைக் கைவிட்டதும் செத்துப்போயின. நெட்ஸ்கேப் நிறுவனமும் இல்லை. ஆனால் அது 1998இல் மூலநிரலைத் திறந்துவிட்டதால் கம்போசரின் வாரிசு சீமங்கி தொகுப்பில் இன்னும் இருக்கிறது. அதன் பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் எடிட் பேஜ் கொடுத்துப் பாருங்கள்.