இலவசம் என்று சொல்லி 6,850 ரூபாய் பிடுங்கிய எஸ்கேப் ரூம் தளம்: ஆசிரியர்களே, கார்டு எண் கொடுத்துவிடாதீர்கள்

வருஷப் பிறப்புக்காகப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஒரு எஸ்கேப் ரூம் (புதிருக்கு விடை கண்டுபிடித்து அறை அறையாகப் பூட்டைத் திறந்துகொண்டு போகும் விளையாட்டு) செய்கிறேன், சந்தா எதுவும் கட்டாமல் அதை எப்படிச் செய்வது என்று முடித்ததும் எழுதுகிறேன் என்று இங்கே மொரிஷியஸில் தமிழ் சொல்லித் தரும் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் என் கணக்கிலிருந்து 6,850 மொரிஷியஸ் ரூபாய் போய்விட்டது. இன்று காலை அந்தத் தளத்திலிருந்து கடைசிப் பதிலும் வந்துவிட்டது, பணம் தர மாட்டார்களாம். வயிறு எரிகிறது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. வகையைச் சொல்கிறேன், பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். பூட்டு, சாவி, பெட்டி, கதவு என்று படங்கள் எல்லாம் தயாராக இருக்கும். இழுத்துப் போட்டு, விடையைத் தட்டச்சு செய்தால் பூட்டு திறக்கும். முகப்பிலேயே பெரிதாக ‘இலவசம்’ என்றும், ஆசிரியர்களுக்காக ஆசிரியர்களே செய்தது என்றும் எழுதியிருக்கும்.

எனக்கு நம்பிக்கை வந்தது எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். வேறு சில கருவிகளில் தமிழ் எழுத்தை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிப் போகும். இந்தத் தளத்தில் ‘வருஷப் பிறப்பு’ என்று அடித்தேன், அச்சடித்த மாதிரி வந்தது. அடுத்து பூட்டுக்கு விடையாக ௧௮௩௪ என்று தமிழ் எண்ணிலேயே கொடுத்துப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. பூட்டு ‘க்ளிக்’ என்று திறந்து உள்ளே அடுத்த அறை தெரிந்தது. தமிழ் எண்ணைக்கூட யோசித்துச் செய்திருக்கிறார்களே, இவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் நெகிழ்ந்தது. நம் மொழிக்கு இடம் கொடுக்கும் யாரையும் நாம் உடனே நம்பிவிடுகிறோம்.

அப்புறம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தேன். கதை இதுதான்: தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டி பூட்டிக் கிடக்கிறது, வருஷப் பிறப்பு பூஜைக்கு முன்னால் திறக்க வேண்டும். முதல் அறை சமையலறை. வாழை இலையில் ஏழு கறி பரிமாறியிருக்க வேண்டும், ஆனால் ஆறுதான் இருக்கும். பூசணி இருக்கிறது, பிஞ்சுப் பலா இருக்கிறது, ரசம் எங்கே? விடையைக் கண்டுபிடித்தால் சாவி. இரண்டாவது அறையில் நம் ரூபாய் நோட்டுகள். நம் மொரிஷியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் எந்த நோட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு 100 என்று போட்டால் பூட்டு திறக்கும். தினமும் கையில் புழங்கும் நோட்டில் தமிழ் எண் அச்சடித்திருப்பதைப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! அதைப் பார்க்க வைக்கத்தான் அந்த அறை. மூன்றாவது போர்ட் லூயி துறைமுகம். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் வந்த 1834ஐத் தமிழ் எண்ணில் போட வேண்டும். ஆனால் கதவு திறந்ததும் ஒரு கடிதம் கிடைக்கும்: அதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே, லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் ஆளுநராக இருந்த காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து கல் வேலைக்கும் தச்சு வேலைக்கும் நம்மவர்கள் வந்துவிட்டார்கள் என்று. பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்பியதே அந்தக் கடிதம்தான். அந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய கதையை யார் சொல்கிறார்கள்?

எல்லாம் முடித்து ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினால்தான் கதவடைப்பு. உருவாக்குவது இலவசமாம், பிள்ளைகளுக்கு இணைப்பு அனுப்ப மட்டும் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கவலைப்படாதீர்கள், 14 நாள் சோதனை இலவசம், கார்டு எண் சரிபார்ப்புக்கு மட்டும்தான், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று எழுதியிருந்தது. கீழே தடித்த எழுத்தில் ‘இன்று செலுத்த வேண்டியது: 0.00’. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். அத்தனை ராத்திரி செய்த வேலை அந்தப் பொத்தானுக்குப் பின்னால் கிடக்கிறது, நிகழ்ச்சிக்கோ நாள் நெருங்கிவிட்டது. கார்டு எண் கேட்பதை முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தால் யார் அங்கே நிற்கப் போகிறார்கள்? உழைப்பையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு கடைசியில் கேட்கிறார்கள்.

எனக்குத் தேவை அந்த ஒரு சனிக்கிழமைதான். அதனால் சோதனைக் காலம் முடிய நிறைய நாள் இருக்கும்போதே ரத்து செய்யப் போனேன். ரத்து என்ற சொல்லையே கண்ணில் காட்டவில்லை. ‘சந்தாவை நிர்வகி’ என்று ஒரு மூலையில் இருந்தது. அதற்குள் போனால் ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம், உங்கள் மாணவர்கள் இதையெல்லாம் இழப்பார்கள் என்று ஒரு பக்கம், பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் ‘தொடர்கிறேன்’ கலர் கலராகப் பெரிதாக இருக்கும், ‘வேண்டாம்’ வெளிறிய சாம்பல் எழுத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். கடைசியில் ‘உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது’ என்று வந்தது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

சோதனைக் காலம் முடிந்த மறுநாள் 149 டாலர் எடுத்துவிட்டார்கள், ஒரு வருஷச் சந்தா. வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேர்ந்து 6,850 ரூபாய். முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை.

உடனே அரட்டைப் பெட்டியில் எழுதினேன். ஒரு பெண் பெயரில் இயந்திரம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. எதைக் கேட்டாலும் உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது, இந்த உதவிப் பக்கத்தைப் பாருங்கள். மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினால் மறுபடி அதே உதவிப் பக்கம். பிறகு மின்னஞ்சல் போட்டேன். அதற்கு வந்த பதிலை நீங்கள் படிக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது ரத்து இல்லையாம், ‘இடைநிறுத்தம்’ ஆம். இடைநிறுத்தம் என்பது முதல் கட்டணம் எடுத்த பிறகுதான் தொடங்குமாம்! பணத்தை எடுத்துக்கொண்டு அப்புறம் நிறுத்தி வைப்பதற்குப் பெயர் என்ன? ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். அதில் எந்த இடத்தில் இடைநிறுத்தம் என்று இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. அடுத்த வருஷச் சந்தாவில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று வாய் கூசாமல் எழுதினார்கள். கூடவே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கிறோம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கடிதம் வேறு.

சரி, பணம் போனால் போகட்டும், நான் செய்த புதிர்களையாவது கொடுங்கள் என்றேன். பதிவிறக்கம் செய்ய இதைவிட மேலான திட்டம் வேண்டுமாம்.

இதற்கும் மேலே ஒன்று நடந்தது. அதுதான் எனக்கு ஆறவே ஆறவில்லை. நான் புகார் செய்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதற்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டிருந்தேன். பிள்ளைகள் அதை அழுத்தினால் தாத்தாவின் பெட்டி வரவில்லை, கார்டு எண் கேட்கும் விலைப் பக்கம் வந்திருக்கிறது. ஒரு தாய் போன் செய்தார். “மிஸ், நீங்கள் அனுப்பின விளையாட்டுக்குக் கார்டு வேண்டும் என்று பையன் என் பர்ஸை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான், கொடுக்கலாமா?” என்றார். பத்து வயதுப் பிள்ளை. நான் அனுப்பிய இணைப்பு என்ற ஒரே நம்பிக்கையில் அவர் கொடுத்திருந்தால்? உடனே குழுவில் எழுதி இணைப்பை நீக்கினேன். கை நடுங்கியது.

வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் வந்தார். “மேடம், நீங்களே கார்டு எண் கொடுத்திருக்கிறீர்கள், இது திருட்டில் சேராது, கடைக்காரரிடமே பேசிக்கொள்ளுங்கள்” என்றார். கடைக்காரர் எங்கே இருக்கிறார்? எந்த நாட்டில் என்றே அந்தத் தளத்தில் இல்லை. வங்கி தளத்தைக் காட்டுகிறது, தளம் வங்கியைக் காட்டுகிறது, 6,850 ரூபாய் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போகிறது. பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இலவசச் சோதனை வைக்கும் வியாபாரிகள் கட்டணம் எடுக்கும் முன் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், ரத்து செய்ய எளிய வழி வைக்க வேண்டும் என்று விசா கார்டு நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் விதி வைத்திருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை வேறு ஒருவர், தகராறுப் படிவம் என்று ஒன்றை, கார்டில் எடுத்த பணத்தை மறுத்துத் திரும்பக் கேட்பதற்கானதை, எடுத்துக் கொடுத்தார். முதல் நாளே அது அந்த மேஜையில்தானே இருந்தது? நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கார்டையும் முடக்கிவிட்டேன். இணையக் குற்றங்களைப் பற்றிப் புகார் செய்ய இங்கே அரசு வைத்திருக்கும் மௌகோர்ஸ் தளத்திலும் புகாரைப் பதிந்திருக்கிறேன்.

6,850 ரூபாய் சிலருக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். எங்கள் வகுப்பு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கிறது, யாருக்கும் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்குப் பரிசுப் புத்தகங்கள் வாங்க என் கையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. இந்த வருஷம் பரிசு இல்லை.

விளையாட்டு மட்டும் நின்றுவிடவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கூகுள் ஃபார்ம்ஸில் திரும்பச் செய்தேன், ஒரு காசு செலவில்லை. எழுதுவதாகச் சொன்னது இதைத்தான், இப்போது சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பகுதி, அதில் படம், கீழே ஒரு குறுவிடைக் கேள்வி. கேள்வியைக் கட்டாயமாக்கி, விடைச் சரிபார்ப்பில் எண் 1834க்குச் சமம் என்று வைத்துவிட்டால் தப்பான விடையோடு அடுத்த பகுதிக்குப் போக முடியாது. பிழைச் செய்தி வரும் இடத்தில் குறிப்பை எழுதிவிடலாம். 2020 ஊரடங்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பொது நூலகம் இதே ஃபார்ம்ஸில் எஸ்கேப் ரூம் செய்தது, அதை உலகமெல்லாம் விளையாடினார்கள். பூட்டு க்ளிக் என்று சத்தம் போடாது, அவ்வளவுதான்.

தமிழில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முடிந்தவரை விடையை எண்ணாக வையுங்கள், அதுவும் 1, 2, 3 என்றே அடிக்கச் சொல்லுங்கள். படத்தில் ௧௮௩௪ என்று காட்டி 1834 என்று அடிக்க வைக்கலாம், ஆனால் தமிழ் எண்ணை அடித்தால் ஃபார்ம்ஸ் அதை எண்ணாக எடுக்காது. சொல்தான் விடை என்றால் ஒரு பிள்ளை கோவில் என்பான், இன்னொரு பிள்ளை கோயில் என்பாள். சரிபார்ப்பில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து ‘கோவில்|கோயில்’ என்று நடுவில் கோடு போட்டால் இரண்டையும் ஏற்கும். படத்தில் பொருள்களை அழுத்தித் தேட வேண்டும் என்றால் கூகுள் ஸ்லைட்ஸ். பொருளின் மேல் நிறமில்லாத கட்டம் வரைந்து அடுத்த ஸ்லைடுக்கு இணைப்புக் கொடுங்கள். முதலில் ஸ்லைடு முழுவதையும் மூடுகிற மாதிரி ஒரு நிறமில்லாத கட்டம் போட்டு அதே ஸ்லைடுக்கே இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எங்கே தொட்டாலும் அடுத்த பக்கம் போய்விடும். கிளைக் கதையாக வேண்டும் என்றால் ட்வைன் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், 2009 முதல் இருக்கிறது, கணக்கே தொடங்க வேண்டாம், செய்த கதை ஒரு கோப்பாக உங்கள் கணினியிலேயே கிடைக்கும். அதை யாரும் பூட்டி வைக்க முடியாது.

மற்றதெல்லாம் எழுத இப்போது மனமில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தளமானாலும் ஒரு பூட்டு, ஒரு கேள்வி மட்டும் போட்டு முதலில் ‘வெளியிடு’ அழுத்திப் பாருங்கள், கார்டு கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். ‘இன்று 0.00’ என்பதில் ‘இன்று’ என்ற சொல்லைப் படியுங்கள். ரத்து செய்தால் மின்னஞ்சலில் உறுதி வரும் வரை விடாதீர்கள், வராவிட்டால் அன்றே கார்டை முடக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் வங்கியில் தகராறுப் படிவம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், நாள் கடத்தாதீர்கள், அதற்குக் கெடு உண்டு. பிள்ளைகளுக்கு அனுப்பும் இணைப்பை அனுப்பும் முன்னும் விளையாட்டு நடக்கும் நாளன்று காலையிலும் வேறொரு போனில் திறந்து பாருங்கள்.

இதே மாதிரித் தளத்தில் பணம் இழந்த தமிழ் ஆசிரியர்கள் இங்கே வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், வங்கிக்கும் மௌகோர்ஸுக்கும் சேர்ந்தே கொடுப்போம். 6,850 ரூபாயை நான் விடப் போவதில்லை. படிவத்துக்குப் பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.