ஹொலஷோவிட்ஸே கிராமம் - அவசரமா சுத்திட்டு வராதீங்க

செக் நாட்டுக்குப் போறவங்க பெரும்பாலும் ப்ராக் பாத்துட்டு செஸ்கி க்ரும்லோவ் ஒரு எட்டு போயிட்டுத் திரும்பிடுறாங்க, அந்த வழியிலேயே செஸ்கே புட்யேயோவிட்ஸே டவுன் பக்கத்துல இருக்குற இந்தக் குட்டி ஊரை விட்டுடுறாங்க. எனக்கு அந்த ட்ரிப்லயே மனசுல நின்னது இதுதான்.

நடுவுல நீளமா ஒரு புல்வெளி, அதுல குளம், சின்னதா ஒரு கொல்லன் பட்டறை, 1755ல கட்டின சேப்பல். சுத்தி இருபதுக்கு மேல பண்ணை வீடுங்க, எல்லாமே அந்தப் புல்வெளியைப் பாத்தபடி நிக்குது. வீட்டு முகப்பு வளைஞ்சு நெளிஞ்சு மேல போகும், அதுல பூ, கொடி வேலைப்பாடு, கட்டின வருஷம்கூட எழுதியிருக்கும், பெரும்பாலும் 19ம் நூற்றாண்டு. அரண்மனைக்கும் சர்ச்சுக்கும் செஞ்ச பரோக்ங்கிற ஆடம்பரமான பழைய ஐரோப்பியப் பாணி அலங்காரத்தை ஊர்க் கொத்தனாருங்க விவசாயி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்காங்க பாருங்க, அதுக்குதான் 1998ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க.

ஆனா அழகை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. 1520கள்ல ப்ளேக் வந்து இங்க உயிரோட மிஞ்சினது ரெண்டே பேர். அப்புறம் பவேரியா, ஆஸ்திரியா பக்கத்துல இருந்து ஆளுங்களைக் கொண்டு வந்து குடியேத்தினாங்க, நாளடைவுல ஜெர்மன் பேசுற ஊராவே ஆயிடுச்சு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அவங்களையும் வெளியேத்திட்டாங்க. நிறைய வீடு ஆளில்லாம பூட்டிக் கெடந்துச்சு, யாரும் இடிச்சுப் புதுசா கட்டாததாலதான் பழைய அமைப்பு அப்படியே தப்பிச்சிருக்கு. 1990லேர்ந்துதான் சீர் பண்ண ஆரம்பிச்சிருக்காங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த மூடின கேட்டுங்க முன்னாடி நின்னப்போ எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

ஒரு பண்ணையில பழைய விவசாயக் கருவி, வீட்டுச் சாமான் எல்லாம் வச்சிருக்காங்க, கண்டிப்பா பாருங்க. சாப்பாட்டுக்கு குலாய்டா சூப் கேளுங்க, காளான், உருளைக்கிழங்கு, டில் கீரை, புளிச்ச க்ரீம், மேல ஒரு முட்டை, குளிருக்கு அவ்ளோ இதமா இருந்துச்சு.

ஒரே கஷ்டம் பஸ். ஞாயித்துக்கிழமை போய் ரொம்ப நேரம் காத்துக் கெடந்தேன், திரும்பி வர்ற நேரத்தை முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. இன்னொண்ணு, இது இன்னமும் ஜனங்க குடியிருக்குற ஊரு, கேட் தொறந்து கெடக்குதேன்னு முற்றத்துக்குள்ள போய் போட்டோ எடுக்காதீங்க. ஜூலை கடைசியில கைவினைச் சந்தை நடக்கும், அப்போ நல்ல கூட்டமாம். எனக்கு அமைதியா இருக்கிறப்போதான் புடிக்குது, அதனால மறுபடியும் ஒரு சாதாரண வார நாள்லதான் போவேன்.