நிலக்கடலைத் தயிர் வாங்கலாமா?

சர்க்கரையும் எடையும் சேர்ந்து ஏறியதால் இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விட்டேன். கறிகூடப் பரவாயில்லை, தயிர்சாதம் இல்லாமல் மதியச் சாப்பாடு முடிந்த மாதிரியே இல்லை. எங்கள் தெருமுனைச் செக்கு எண்ணெய்க் கடையில் நிலக்கடலைத் தயிர் விற்கிறார்கள். அரை லிட்டர் டப்பா 90 ரூபாய்.

கடலையை ஊறவைத்து அரைத்து, பாலைப் பிழிந்து காய்ச்சி, பச்சைமிளகாய்க் காம்பு போட்டு உறைய வைக்கிறார்களாம். கரண்டியால் வெட்டினால் கெட்டியாக நிற்கிறது, ஓரத்தில் கொஞ்சம் நீர் விடுகிறது. முதல் வாயில் பச்சைக் கடலை வாசம் தெரியும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு மோராக அடித்தால் அது அடங்கிவிடும். கடுகு தாளித்துச் சாதத்தில் பிசைந்து, மாங்காய் ஊறுகாயோடு சாப்பிட அருமை. மோர்க்குழம்புக்கு மட்டும் வேண்டாம், கொதித்ததும் திரிந்துவிட்டது.

இளைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 100 கிராம் கடலையில் புரதம் சுமார் 25 கிராம். கொழுப்போ அதில் ஏறக்குறைய இரு மடங்கு. சின்னக் கிண்ணம் போதும். சோற்றைக் குறைத்துச் சுண்டலும் கீரையும் கூட்டிய பிறகுதான் எனக்குப் பேன்ட் தளர்ந்தது.

அப்புறம், பி12 சத்துக்குத் தாவர உணவை நம்ப முடியாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் குறையலாம். மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுங்கள். கடலை ஒவ்வாமை இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வெள்ளிக்கிழமைகளில் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, முந்தின நாளே சொல்லி வையுங்கள்.