டெர்மமில் 120 எல்: குச்சிக்கிழங்கு மாவுக்கு ஒத்துவருமா?

டெர்மமில் 120 எல் என்பது மாவுச்சத்தைத் துண்டுதுண்டாக உடைக்கும் நொதி. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (ஓரளவு மட்டும் உடைத்த மாவுச்சத்து) மட்டும் தயாரிக்கும் ஆலை என்றால் தயங்காமல் வாங்கலாம். குளுக்கோஸ் வரை போகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

பேசிலஸ் லைக்கெனிபார்மிஸ் பாக்டீரியாவைப் பெரிய தொட்டியில் வளர்த்து, செல்களை வடிகட்டி நீக்கி, மிஞ்சும் திரவத்தைச் செறிவாக்கி எடுக்கும் ஆல்பா அமைலேஸ் இது. நோவோசைம்ஸ் (இப்போது நோவோனெசிஸ்) நிறுவனத்தின் தயாரிப்பு, கொதிநிலைக்கு மேலும் சில நிமிடம் தாங்கும் என்பதுதான் இதன் பெருமை.

12% ஈரமுள்ள 1 டன் மாவுக்கு 1,930 லிட்டர் தண்ணீர் விட்டால் 30% கரைசல் கிடைக்கும். சோடா சாம்பல் போட்டு பிஎச் 6.0க்குக் கொண்டுவந்து 440 கிராம் நொதி சேருங்கள். ஜெட் குக்கரில் (நீராவி பாய்ச்சிச் சூடாக்கும் கருவி) 105 டிகிரியில் 5 நிமிடம், பிறகு 95 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். குச்சிக்கிழங்கு மாவில் கொழுப்பும் புரதமும் மிகக் குறைவு என்பதால், மக்காச்சோள மாவைவிட வடிகட்டுவது சுலபம். மாவுச்சத்து உடையாமல் மிச்சமிருந்தால் நீலம் காட்டும் அயோடின் சோதனைக்கு மாதிரியை நன்றாக ஆற வையுங்கள். சூட்டில் நீலமே தெரியாது, வேலை முடிந்துவிட்டதாக ஏமாந்துபோவீர்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீராலும் வெளுப்பானாலும்தான். இந்த நொதிக்கு 60 பிபிஎம் கால்சியம் வேண்டும். கடினமான போர் தண்ணீரில் அது தானாகவே இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் இருக்காது, லிட்டருக்கு 0.2 கிராம் கால்சியம் குளோரைடு போட வேண்டும். வெளுத்த மாவில் குளோரின் மிச்சமிருந்தால் நொதி செத்துவிடும். மாவுக் கரைசலில் லேசாக அமிலம் சேர்த்து, பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலமானால் குளோரின் இருக்கிறது.

குறை என்னவென்றால், குளுக்கோஸாக மாற்ற அடுத்து சேர்க்கும் குளுக்கோஅமைலேஸ் நொதிக்கு பிஎச் 4.3 வேண்டும். 6லிருந்து அவ்வளவு இறக்க அமிலம் நிறையச் செலவாகும். அதில் உண்டாகும் உப்பெல்லாம் கடைசியில் உப்பு நீக்கும் ரெசின் தலையில்தான் விழும். பிஎச் 6.2ஐத் தாண்டினால் எளிதில் குளுக்கோஸாக உடையாத மால்ட்டுலோஸ் என்ற சர்க்கரை உருவாகி குளுக்கோஸ் விளைச்சலும் குறையும். குளுக்கோஸுக்கு, பிஎச் 5.5க்குக் கீழேயும் வேலை செய்யும் புதிய வகை அமைலேஸ்களே மேல்.

மால்ட்டோடெக்ஸ்ட்ரின் எடுப்பவர்கள் டிஇ (மாவுச்சத்து எவ்வளவு உடைந்தது என்று காட்டும் எண்) சரியான அளவுக்கு வந்ததும், சூடு இறங்குமுன் அமிலம் விட்டு நொதியைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியிலேயே டிஇ ஏறிக்கொண்டிருக்கும்.

சிந்தியதைக் காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள். நொதித் துளிகள் மூச்சில் போனால் ஒவ்வாமையும் இழைப்பும் வரும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.