ஆர்.வி. பயணத்துக்கு "அன்லிமிடெட்" சிம் வாங்கும் முன் அது யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. மோட்டார்ஹோமிலோ கேரவனிலோ (தங்கிக்கொண்டே பயணிக்கிற இந்த வண்டிகளைத்தான் ஆர்.வி. என்கிறார்கள்) மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று திட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள். வண்டியைப் பற்றி ஆறு மாதம் விசாரித்த நாங்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வாங்கிய ஒரு சிம் கார்டில்தான் ஏமாந்தோம்.

என் வீட்டுக்காரர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறார். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வீடியோ வகுப்பு, மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி, மாதத்துக்கு 22 நாள் என்று வைத்துக்கொண்டால் வகுப்புக்கு மட்டுமே 90 ஜிபி பக்கம் வந்துவிடுகிறது. போன் பிளானில் "வரம்பில்லாத டேட்டா" என்று போட்டிருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெரும்பாலும் தனி வரம்பு வைத்திருப்பார்கள், அது தீர்ந்ததும் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் ஆர்.வி. பயணிகளுக்கென்றே தனியாக விற்கிறார்களே என்று தேடப் போய், சொந்தமாக ஒரு டவர்கூட இல்லாமல் பெரிய நெட்வொர்க் கம்பெனிகளின் சிம்மை வாங்கி விற்கும் ஒரு இடைத்தரகரிடம் போய்ச் சேர்ந்தோம். பேர் சொல்லப் போவதில்லை. இதே முறையில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள், ஒரு பேரைச் சொன்னால் அந்த ஒருவரை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

போனில் பேசியவர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். "மேடம், இது சாதாரண போன் சிம் இல்லை, எங்களுக்கென்று தனி ஒப்பந்தம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், வேகமும் குறையாது" என்றார். ஒப்பந்தக் காலம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அடையாள அட்டைகூட வேண்டாம் என்றார். அந்தக் கடைசி விஷயம் அப்போது வசதியாகத் தெரிந்தது. என் பேர், முகவரிச் சான்று எதுவும் கேட்காமல் ஒருவர் சிம் தருகிறார் என்றால் அந்த இணைப்பு என் பேரில் இருக்க முடியாது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சிம், அதைப் போட்டே கொடுத்த ரவுட்டர், முதல் மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கட்டினோம்.

பயணத்தின் முதல் எட்டு நாள் நன்றாகவே ஓடியது, அதை மறைக்கக் கூடாது. ஒன்பதாம் நாள் ஒரு பெரிய முகாமில் (ஆர்.வி. வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இடம்) நிறுத்தினோம். காலை ஐந்து மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 40 எம்பிபிஎஸ், சாயங்காலம் ஏழு மணிக்கு அதே இடத்தில், அதே சிக்னல் கோடுகளோடு, ஒரு எம்பிபிஎஸ்கூட வரவில்லை. சுற்றிலும் இருக்கிற அத்தனை வண்டிகளும் அந்த நேரத்தில் படம் பார்க்க உட்காருகின்றன, டவர் ஒன்றுதான். அப்படிக் கூட்டம் சேரும்போது நெட்வொர்க் கம்பெனி சில இணைப்புகளை முன்வரிசையிலும் சிலவற்றைப் பின்வரிசையிலும் வைக்கும், குறைந்த விலைக்கு மொத்தமாக எடுத்து விற்கிற சிம்கள் பெரும்பாலும் பின்வரிசைதான். இது வேகத்துக்கு உச்சவரம்பு போடுவது போன்றதல்ல. டவர் காலியாக இருந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் பயணத்தின் முதல் வாரம் ஆளில்லாத இடங்களில் நின்ற நமக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

விற்றவரைக் கூப்பிட்டோம். சிக்னல் போதவில்லை, பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கித் தருகிற கருவி) வாங்குங்கள் என்றார். எனக்கு அதிகக் கோபம் வருவது இதை நினைத்தால்தான், ஏனென்றால் நான் அவரிடம் காலை வேகம், மாலை வேகம் இரண்டையும் சொல்லித்தான் கேட்டேன். காலையில் 40 வருகிற இடத்தில் சிக்னல் குறை என்று சொல்ல வழியே இல்லை, அது அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது. வாங்கினோம்.

பூஸ்டரைப் பொருத்தியதும் ரவுட்டரில் இரண்டு கோடு நாலு கோடாயிற்று, வேகம் இன்னும் குறைந்தது. எப்படி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்.டி.இ. (அதாவது 4ஜி) ரவுட்டர் இரண்டு ஆன்டெனாவில் இரண்டு தனித்தனி ஓடைகளாக டேட்டாவை வாங்குகிறது. சாதாரண பூஸ்டருக்கு வெளியே ஒரே ஆன்டெனா, உள்ளே ஒரே ஆன்டெனா, ஆகவே இரண்டு ஓடையும் ஒன்றாகக் கலந்து ஒரே வழியாக வருகிறது. கோடு கூடும், வேகம் பாதியாகக்கூட ஆகலாம். அதோடு ஆர்.வி. கூரை சின்னது, வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் நடுவில் போதிய தூரம் கிடைக்காது, மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் கூவுகிற மாதிரி பூஸ்டர் தன் சத்தத்தையே திரும்பக் கேட்டுத் தானாகப் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பூஸ்டருக்கும் பயன் உண்டு: ஒதுக்குப்புறமான இடத்தில் சிக்னல் மைனஸ் 115 டிபிஎம் பக்கம் (மிக மெலிந்த அளவு) கிடந்து, போனில் பேசவோ ஒரு ஃபைலை மேலே ஏற்றவோ முடியாமல் திண்டாடும்போது அது காப்பாற்றும். கைபேசியும் ரவுட்டரும் பொதுவாகச் சுமார் 0.2 வாட் சக்தியில்தான் டவருக்குத் திருப்பி அனுப்ப முடியும் என்பதால் சிக்னல் மெலிந்தால் முதலில் அடிவாங்குவது பதிவேற்றம்தான். கூட்ட நெரிசலுக்கு அது மருந்தே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதையாவது பொறுத்துக்கொண்டோம். 19-ஆம் நாள் காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது இணைப்பு மொத்தமாகப் போனது. ரவுட்டரில் சிக்னல் முழுசாக இருக்கிறது, டேட்டா ஒரு துளி வரவில்லை. அந்த வாரம் பிள்ளைகளுக்குத் தேர்வு. இவர் போனிலிருந்த கொஞ்சநஞ்ச ஹாட்ஸ்பாட்டில் திரும்ப உள்ளே போவதற்குள் இருபது நிமிடம், அதற்குள் பாதிப் பேர் காத்திருந்து வெளியே போய்விட்டார்கள். "சார், நாங்க தப்பா ஏதும் லிங்க் போட்டுட்டமா" என்று ஒரு பெண் குழந்தை செய்தி அனுப்பியிருந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

விற்றவரிடம் கேட்டால் "நெட்வொர்க் பராமரிப்பு, 48 மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று பதில். மூன்றாம் நாளும் வரவில்லை. சிம் அட்டையில் இருந்த எண்ணை வைத்து நேராக அந்த நெட்வொர்க் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கே பேசினேன். அந்தப் பெண் எண்ணைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்: இந்த இணைப்பு உங்கள் பேரில் இல்லை, ஒரு நிறுவனத்தின் பேரில் இருக்கிறது, அதனால் இதைப் பற்றி உங்களிடம் எதுவும் பேச எனக்கு அனுமதி இல்லை. பணம் கட்டுவது நான், பயன்படுத்துவது நான், பேச உரிமை இல்லாதவளும் நான்.

அன்று ராத்திரி ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த லேபிளில் ஒரு ஐ.எம்.ஈ.ஐ. எண் (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள எண்), ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் திறந்து பார்த்தால் வேறொரு ஐ.எம்.ஈ.ஐ. எண். அமைப்புகளைத் தொட முடியாதபடி கடவுச்சொல்லை அவர்களே வைத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் இந்தப் பக்கம் மட்டும் திறந்தது. 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ.யின் முதல் எட்டு இலக்கம் எந்த மாடல் கருவி என்பதைச் சொல்லும். திரையில் வந்த எட்டு இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் அது ஒரு டேப்லெட். அதாவது ஒரு நிறுவனத்தின் பேரில் டேப்லெட்டுக்கான மலிவு பிளானை மொத்தமாக எடுத்து, ரவுட்டரை டேப்லெட் மாதிரி வேஷம் போட வைத்து, எங்களைப் போன்றவர்களுக்கு மாதக் கட்டணத்துக்கு விற்றிருக்கிறார்கள். ஒரு டேப்லெட் மாதம் நூற்றுக்கணக்கான ஜிபி இழுத்தால் கம்பெனிக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? கண்டுபிடிக்கும்போது ஒன்றை மட்டும் நிறுத்த மாட்டார்கள், அந்தக் கணக்கில் இருக்கிற எல்லா சிம்மும் ஒரே நாளில் செத்துவிடும். ஐ.எம்.ஈ.ஐ.யை மாற்றுவது சில நாடுகளில் சட்டப்படி குற்றம், அந்தக் கருவி இப்போது என் கையில் இருக்கிறது என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

மாற்று சிம் அனுப்புகிறோம் என்றார்கள். எங்கே அனுப்புவது? வண்டியில் இருப்பவர்களுக்கு முகவரி கிடையாது. இன்னொரு முகாமில் நாலு நாள் கூடுதலாக இடம் எடுத்து, அங்கே வரவழைத்துக் காத்திருந்தோம். வந்தது வேறு கம்பெனியின் சிம். அந்தக் கம்பெனி ஊர்ப்புறங்களில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் அதிகம் ஓட்டுகிறது, தாழ்ந்த அலைவரிசை என்பதால் தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டும். எங்கள் ரவுட்டரில் அந்த அலைவரிசையே இல்லை. "எல்லா டவரும் பிடிக்கும்" என்று விற்ற ரவுட்டர்! மலிவான "வகை நாலு" (கேட்-4) தர எல்.டி.இ. கருவி, பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தவும் தெரியாது. நகரத்துக்குள் பிடித்தது, நாங்கள் தங்கின இடங்களில் பிடிக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் 14 நாள் கடந்துவிட்டதாம். அந்த 14 நாளை அவர்கள் பொருளை அனுப்பிய தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். எங்கள் கைக்கு வரவே ஐந்து நாள் ஆயிற்று, பயணம் தொடங்கும்போது எட்டு நாள் போயிருந்தது. ஆக, நிஜமான சாலையில் சோதிக்க எங்களுக்குக் கிடைத்தது ஆறே நாள், அதுவும் ஆளில்லாத இடங்களில். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் தகராறு பதிவு செய்ய முடிந்தது. விளம்பரப் பக்கத்தின் படம், அவர்கள் எழுதிய மின்னஞ்சல்கள், லேபிளும் திரையும் ஒன்றாகத் தெரிகிற புகைப்படம், நெட்வொர்க் கம்பெனியிடம் பேசிய தேதி நேரம் எல்லாம் கொடுத்தேன். மாதக் கட்டணமும் ரவுட்டர் பணமும் திரும்பி வந்தன. பூஸ்டருக்கு மட்டும் "கார்டு வேண்டாம், நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி" என்று சொல்லி வாங்கியிருந்தார்கள், அது போனது போனதுதான். அப்படி யாராவது தள்ளுபடி சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

இதற்கு இடைத்தரகர்கள் எல்லாரும் திருடர்கள் என்று அர்த்தமில்லை. சொந்த டவர் இல்லாமல் ஒழுங்காகச் சேவை தருகிற கம்பெனிகள் உண்டு, அவர்களிடம் கணக்கு உங்கள் பேரில் இருக்கும், பிளானின் பேரும் எந்தக் கருவிக்கானது என்பதும் எழுத்தில் இருக்கும். வாங்கும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: இணைப்பு யார் பேரில், ரவுட்டரில் போட அனுமதி உள்ள பிளானா, எத்தனை ஜிபிக்குப் பிறகு பின்வரிசைக்குப் போகும், ரவுட்டரில் என்னென்ன அலைவரிசைகள், திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதியிலிருந்து. எங்களை ஏமாற்றியவரிடம் இப்போது வேறொரு பேரில், சும்மா பார்ப்பதற்காக, இந்த ஐந்தையும் எழுதிக் கேட்டேன். "போனில் பேசலாமே மேடம்" என்று மட்டும் பதில் வந்தது.

இப்போது நாங்கள் இரண்டு வேறு நெட்வொர்க் கம்பெனிகளில், எங்கள் பேரிலேயே, ரவுட்டருக்கென்று விற்கிற பிளான் எடுத்திருக்கிறோம். அன்லிமிடெட் இல்லை, இத்தனை ஜிபி என்று கணக்கு உண்டு, தீர்ந்தால் கூடுதலாக வாங்க வேண்டும். படம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டோம், வகுப்பு ஒருநாளும் நிற்கவில்லை. டவரே இல்லாத இடங்களுக்கு ஸ்டார்லிங்க் வைத்திருக்கிறோம். அதன் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன என்பதால் பேச்சுக்கும் பதிலுக்கும் நடுவில் தாமதம் தெரிவதில்லை. ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும், நிழலுக்காக மரத்தடியில் வண்டியை விட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துவிடும், பேட்டரியும் நிறையக் குடிக்கும், சோலார் இல்லாமல் நாள் முழுவதும் ஓட்ட முடியாது. "சேட்டிலைட் இன்டர்நெட்" என்று பொதுவாகச் சொல்லி, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற பழைய வகையை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு கேள்விக்குப் பதில் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகும், மின்னஞ்சல் பார்க்கலாம், வகுப்பு எடுக்க முடியாது. எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

முகாமில் தருகிற இலவச வைஃபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதை நம்பி வேலை நாளைத் திட்டமிடாதீர்கள்.

அந்த ரவுட்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவர்கள் முகவரியே தரவில்லை. சிம்மை எடுத்துவிட்டு, லேபிள் தெரிகிற மாதிரி ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம், அதற்குத் தேவைப்படும். இதே மாதிரி லேபிளும் திரையும் வேறு எண் காட்டுகிற ரவுட்டர் உங்களிடமும் இருந்தால் இரண்டையும் இன்றே ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள், சிம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே.