குன்னூர் ஈரத்துக்கு எந்தப் பசை?

வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குத் தேயிலைத்தூள் அனுப்பும்போது, பொட்டலத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த சின்ன அட்டை ஒன்றைத் தொங்கவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பருவத்துக்கு ஒரு படம். இலக்கணப்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். ஊட்டிப் பக்கம் அப்போதுதான் தென்மேற்கு மழை கொட்டும். அதனால் நான் ஜன்னலைப் பார்த்தே படம் முடிவு செய்கிறேன்: பங்குனியில் ஊதா ஜக்கராண்டாப் பூ, ஐப்பசியில் சாம்பல் மழை, தையில் புல்மேல் வெள்ளைப் பனி.

காகிதம் பிரச்சினையே இல்லை. பழைய காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் போதும். பாடு எல்லாம் பசையில்தான்.

முதலில் மைதாப் பசை. ஒரு கரண்டி மாவு, ஐந்தாறு கரண்டி தண்ணீர், அடுப்பில் வைத்துக் கட்டி தட்டாமல் கிளறினால் ஆயிற்று. மெதுவாகக் காய்வதால் கோணலாக ஒட்டிய துண்டை நகர்த்திச் சரிசெய்யலாம். இந்த வசதிக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் அதிகம். நனைந்த காகிதம் இழைக்குக் குறுக்கே விரியும், காயும்போது சுருங்கும். அட்டை அப்பளமாக வளைந்துவிடும். முதுகிலும் அதே கனத்தில், இழை அதே திசையில் ஓடுகிற காகிதம் ஒன்றை ஒட்டிப் புத்தக அடுக்கின் கீழ் ஓர் இரவு வைத்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். காகிதத்தை லேசாக மடக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்பு வாக்கில்தான் இழை ஓடுகிறது.

வளைவுக்கு இப்படி வழி உண்டு, பூசணத்துக்குத்தான் இல்லை. ஒரு கார்த்திகையில் செய்து பீரோவில் வைத்த அட்டைகளில், துண்டுகளின் ஓரமாகப் பச்சைப் புள்ளி வரிசை கட்டியிருந்தது. பைண்டிங் வேலையில் பூசணம் பிடிக்காமலிருக்கப் பசையோடு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம்; பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் வேண்டாம்.

ஃபெவிகாலில் இந்தத் தொல்லை குறைவு. வெள்ளையாகப் பூசினாலும் தெளிவாகக் காயும். அழுத்திக் காயவைத்த சில்வர் ஓக் இலையின் வெள்ளிநிற அடிப்பக்கம் மேலே தெரியும்படி ஒட்ட அதுதான் சரி. பனிக்காலத்துக்கு அந்த நிறத்தில் காகிதமே கிடைக்காது. ஒட்டியபின் நகர்த்த முடியாது, அவ்வளவுதான். கொஞ்சம் நீர்க்கவிட்டு ஊதா க்ரேப் காகிதத்தின்மேல் தடவினேன், சாயம் ஓடிவிட்டது. தூக்கிப்போடப் போனவள் உற்றுப் பார்த்தேன்: வேண்டும் என்றே செய்தாலும் மூடுபனி அத்தனை நன்றாக வந்திருக்காது.

பசைக்குச்சி பிள்ளைகளுக்கு நல்லது. கை பிசுபிசுக்காது, காகிதமும் வளையாது. ஆனால் கொஞ்ச நாளில் ஓரம் தூக்கும். பொங்கலுக்குள் கட்டிக் கொடுத்துவிடுவது என்றால் போதும்.

எனக்கு இப்போது ஃபெவிகால்தான், முதுகுக் காகிதத்துக்கு மட்டும் மைதா. அதையும் ஐப்பசியில் செய்வதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை அப்போதுதான். வெயில் காய்கிற மாசியிலேயே வருஷத்துக்கு உண்டானதை ஒட்டி, நன்றாகக் காயவைத்து, பிஸ்கட் டின்னில் மூடிவிடுகிறேன். மழை அட்டையும் மாசி வெயிலில்தான் தயாராகிறது.